பேச்சுக்கு ஒரே முதலாளியா?

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். நூல் ஓரிடத்திலிருந்து வருகிறது. நிட்டிங் வேறொருவர் ஓட்டுகிறார். துணி ரோல் சாயப்பட்டறைக்குப் போய், அங்கிருந்து காம்பேக்டிங் முடித்து, கட்டிங் மாஸ்டரின் மேஜைக்கு வருகிறது. வெட்டிய பீஸ்கள் கட்டுக்கட்டாக மொபெட்டில் ஏறி அடுத்த தெருவில் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட்டுக்குப் போகின்றன. ஓவர்லாக், பேட்லாக் முடிந்து, பிரிண்டிங்குக்கோ எம்ப்ராய்டரிக்கோ போய்த் திரும்பி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கடைசியில் பெட்டிக்குள் இறங்கும்போது ஏழெட்டு முதலாளிகளின் கை பட்டிருக்கும். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சியாக இருந்த இந்த ஊரின் பிழைப்பு இதுதான். 2024-25 நிதியாண்டில் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூரின் பலமும் இப்படிப் பிரித்து வேலை செய்வதில்தான் இருக்கிறது. ஒரு பட்டறையில் ஷேடு சரியாக வரவில்லையா, அடுத்த லாட்டை வேறு பட்டறைக்கு அனுப்பலாம். டெலிவரி சலான் ஒன்று போதும். பழைய பட்டறைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இத்தனை பேரையும் கோத்து வைத்திருக்கும் பேச்சு மட்டும் ஒரே கம்பெனியிடம் இருக்கிறது. காலையில் மிஷின் போடும் முன்பே வாட்ஸ்அப்பில் ஸ்டைல் படம் வந்துவிடும். அளவுச் சார்ட் வரும். "அண்ணா, ரிப் கலர் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று குரல் பதிவு வரும். பவர்டேபிள்காரர் மிஷின் சத்தத்திலிருந்து வாசலுக்கு வந்து, போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "சரிங்க, சாயந்தரத்துக்குள்ள அடிச்சர்றங்க" என்று அதிலேயே பதில் சொல்வார். ரேட் பேசியது, பீஸ் எண்ணிக்கை, சலானின் படம், சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கின்றன. டெய்லர்களுக்கு ஒரு குழு, வார்டில் தண்ணீர் விடும் நாளைச் சொல்ல ஒரு குழு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழு, ஒடிசாவிலும் பிகாரிலும் இருக்கும் குடும்பத்தோடு பேச இன்னொன்று. நாட்டில் 50 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தும் செயலி அது. திருப்பூரில் அது இல்லாமல் ஒரு பீஸ் நகராது.

துணியைப் பலரிடம் பிரித்துக் கொடுத்து முன்னேறிய ஊர், தன் பேச்சையும் அப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் வாதம். "காசில்லாமக் கிடைக்குது, நல்லாத்தான ஓடுது" என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

போனில் இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. காலை வணக்கப் படங்களை மொத்தமாக அழிக்கும்போது போன மாதத்து அளவுச் சார்ட்டும் சேர்ந்து போய்விடுகிறது. போன் உடைந்தால் பேக்கப் எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும் அந்த மெயில் கணக்கின் பாஸ்வேர்டு, கணக்கைத் திறந்து கொடுத்த செல்போன் கடைத் தம்பிக்குத்தான் தெரியும். சின்னக் கம்பெனிகளில் முதலாளியின் ஒரே நம்பரை ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்து, மெர்ச்சண்டைசர், கணக்குப்பிள்ளை, பேக்கிங் பொறுப்பாளர் மூவரும் பார்ப்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இந்தச் செயலிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: சிம் போனுக்குள் இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும், கம்ப்யூட்டரில் திறந்திருப்பதை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தானாக மூடிவிட வேண்டும். இணைய மோசடியைத் தடுக்கும் நோக்கத்தில் தவறில்லை. ஆனால் ஒன்றரை ஷிப்ட் ஓடும் கம்பெனியில், முதலாளி போனோடு கோவைக்குப் போயிருக்கும் மாலையில், அந்தத் திரை மூடிக்கொண்டால் என்ன நடக்கும் என்று அந்த உத்தரவை எழுதிய மேஜையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தொழில் முழுவதையும் ஒரு தனிமனிதரின் போன் நம்பரில் கட்டி வைக்கும் அமைப்பில் எந்தத் திருத்தம் வந்தாலும் அடி சின்னவர்களுக்குத்தான் விழும்.

வடமாநிலத் தொழிலாளிக்கு இது இன்னும் கொடுமை. ஊருக்குப் போனவர் இரண்டு மூன்று மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம் செத்துவிடும். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது நடைமுறை. 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் இது பேசப்பட்டது. வாட்ஸ்அப்போ, 45 நாள் பயன்படாமல் கிடந்த எண்ணை யாராவது வேறு போனில் திறந்தால் பழைய கணக்கின் விவரங்களை அழித்துவிடும். மேஸ்திரியிடம் பேசிய கூலி, வாங்கிய முன்பணம், தங்கியிருந்த அறை நண்பர்கள், எல்லாமே அந்த எண்ணோடு போய்விடும். பத்து வருஷம் வேலை செய்த ஊரில் ஒரு மனிதர் யார் என்பது அவர் இந்த மாதம் ரீசார்ஜ் செய்தாரா என்பதைப் பொறுத்து அமையக் கூடாது.

மொத்தமாக நின்றுபோன நாட்களும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று இரவு ஒன்பது மணியை ஒட்டி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் நின்றன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு தவறான கட்டளையால், அந்தக் கம்பெனியின் கணினிகளுக்கு வழி சொல்லும் தகவலே இணையத்திலிருந்து மறைந்துபோனது. சரிசெய்ய ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது. நமக்கு அது இரவுதானே என்று பலர் நினைக்கலாம். திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு இரவு ஒன்பது என்பது ஐரோப்பிய பையர் கடையைக் கட்டும் முன் கடைசிப் பதிலைச் சொல்லும் நேரம். நியூயார்க்கில் அப்போது முற்பகல், வேலை உச்சத்தில் இருக்கும். அடுத்த வருஷம் அக்டோபர் 25 மதியம் வாட்ஸ்அப் மறுபடி இரண்டு மணி நேரம் நின்றது. அது தீபாவளிக்கு மறுநாள். கம்பெனிகள் விடுமுறையில் இருந்ததால் ஊர் தப்பியது.

எங்கோ ஒரு கட்டளை பிசகினால் வேலம்பாளையத்தில் கட்டிங் நிற்கிறது. ஒரு சாயப்பட்டறையில் கொதிகலன் பழுதானால் இந்த ஊர் நிற்பதில்லை. லாட் வேறு பட்டறைக்குப் போகிறது. பேச்சு நின்றால் மட்டும் கொண்டுபோக வேறு இடமில்லை.

கணக்கு முடக்கப்பட்டால் நிலைமை இதைவிட மோசம். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வாட்ஸ்அப் மாதந்தோறும் அறிக்கை தர வேண்டும். 2025 ஜனவரியில் மட்டும் சுமார் 99 லட்சம் இந்தியக் கணக்குகளை முடக்கியதாக அது சொன்னது. இதில் பெரும்பகுதி மோசடிக்காரர்களும் குப்பைச் செய்தி அனுப்புபவர்களும்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புது ரேட் லிஸ்டை ஒரே நாளில் இருநூறு கடைக்காரர்களுக்கு அனுப்பும் உள்நாட்டு பனியன் வியாபாரிக்கும் மோசடிக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு இயந்திரம் எப்படிப் பார்க்கும்? தவறாக முடக்கப்பட்டவர் யாரிடம் போய் நிற்பார்? குறைதீர்ப்பு அதிகாரி, அதற்கு மேல் மத்திய அரசு 2023-ல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்கள் எல்லாம் உண்டு. சீசன் நேரத்தில் ஒரு ஆர்டரைப் பறிகொடுக்க மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளுக்குள் நேரில் போய், "ஏனுங்க, என்ர நம்பர எதுக்குங்க நிறுத்துனீங்க" என்று கேட்க அவிநாசி ரோட்டில் ஓர் அலுவலகம் இல்லை.

பண இழப்பு பரவாயில்லை என்று விட்டுவிடலாம். உயிர் போன கதையும் நம் மாநிலத்தில் இருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்து அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று நினைத்து ஊர் அடித்தது. 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அதற்கு முந்தைய நாட்களில் வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் அந்தக் கூட்டத்தைக் கூட்டியது. நாட்டின் பல பகுதிகளில் இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவுக்கென்று வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. நல்ல முடிவு. அத்திமூருக்குத் தேவைப்பட்ட விதி கலிபோர்னியாவில் எழுதப்படும்வரை அத்திமூர் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

2023-ல் அது நம் தெருவுக்கே வந்தது. அந்த ஜனவரி இறுதியில், அனுப்பர்பாளையம், வேலம்பாளையம் பக்கம் நடந்த ஒரு கைகலப்பின் வீடியோ, வடமாநிலத்தவர் தமிழ்த் தொழிலாளர்களை விரட்டி அடிக்கிறார்கள் என்ற பேச்சோடு தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. டீக்கடையில் ஆரம்பித்த தகராறு என்றும், நடந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றும் போலீஸ் சொல்வதற்குள் பேச்சு எங்கோ போய்விட்டது. மார்ச் மாதம் அதே வதந்தி தலைகீழாகத் திரும்பியது. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று, எங்கெங்கோ நடந்த தொடர்பில்லாத சம்பவங்களின் வீடியோக்கள் பாட்னாவிலும் திருப்பூரிலும் ஒரே நேரத்தில் பரவின. ஹோலி மார்ச் 8. ஊருக்குக் கிளம்பியவர்களில் யார் பண்டிகைக்குப் போகிறார், யார் பயந்து போகிறார் என்று பிரிக்க முடியாத நிலை. பிகார் அரசு ஒரு குழுவை அனுப்பித் திருப்பூரில் விசாரித்தது. காவல் துறை இந்தியில் பேசியது, உதவி எண் வைத்தது, பொய் பரப்பியவர்கள் மீது வழக்குகள் போட்டது. ஏற்றுமதியாளர் சங்கம் தொழிலாளர்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. கூட வேலை செய்த தமிழ் டெய்லர்கள் ரயில் நிலையம்வரை போய், "போகாதீங்க பாய்" என்று கையைப் பிடிப்பதும் இங்கே நடக்கக்கூடிய காரியம்தான். பொய் பரவிய அந்த வலைப்பின்னலில் மட்டும், திருப்பூரைத் தெரிந்த, தமிழும் இந்தியும் படிக்கத் தெரிந்த, "இதை நிறுத்து" என்று சொல்லும் பொறுப்புள்ள ஆள் எவருமில்லை.

அப்படியானால் வேறிடத்துக்குப் போய்விடலாமே? போகப் பார்த்தவர்களின் கதை நீளமானது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. ஒரு கூட்டமே நாஜி வணக்கம் செலுத்தும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை மனிதரின் பழைய ஜெர்மன் புகைப்படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார். அதைக் கண்டித்து அந்த நவம்பரில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாஸ்டடான் என்ற பரவலாக்கப்பட்ட வலைத்தளத்துக்குப் போனார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். 2020 ஜூன் 29 அன்று 59 சீனச் செயலிகள் தடை செய்யப்பட்டபோது டிக்டாக்கில் ஆடிய, பாடிய, தையல் மிஷின் முன் உட்கார்ந்து நடித்த நம் ஊர்ப் பெண்களும் பையன்களும் சேர்த்து வைத்திருந்த ரசிகர்கள் அத்தனை பேரையும் ஓர் இரவில் இழந்தார்கள். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப், தன் தகவல்களை ஃபேஸ்புக்கோடு பகிர்வதற்கு ஒப்புக்கொள் அல்லது வெளியேறு என்ற பாணியில் புது நிபந்தனை வைத்தது. கூட்டம் சிக்னல் என்ற செயலிக்கு ஓடியது. நம்ம ஊர் ஸோஹோவின் அரட்டை என்ற செயலி அப்போதுதான் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் திடீரென்று மூன்றே நாளில், ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த நிலை 3,50,000-க்கு உயர்ந்ததாக ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். சில வாரங்களில் அந்த வேகமும் தணிந்தது. இடையில் பெங்களூருவின் கூ, ட்விட்டருக்கு இந்திய மாற்று என்று மத்திய அமைச்சர்களே வரவேற்ற தளம், 2024 ஜூலையில் மூடப்பட்டது. அதில் தமிழில் எழுதி வந்தவர்களின் பேச்சும் அதோடு நின்றது.

இவர்கள் யாரும் மனவுறுதி இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பவர்டேபிள்காரர் தனியாக அரட்டைக்குப் போக முடியாது. அவருக்கு வேலை தரும் கம்பெனி அங்கே இருக்க வேண்டும். கம்பெனி போக வேண்டுமானால் பையிங் ஏஜென்ட் வர வேண்டும். ஏஜென்ட் வர பார்சிலோனாவில் இருக்கும் பையர் வர வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் கிளம்பினால்தான் ஒருவரால் கிளம்ப முடியும் என்ற இடத்தில் சுதந்திரம் இருப்பதாகச் சொல்ல முடியாது. கூவின் முடிவு இன்னொன்றையும் சொல்கிறது. முதலாளி இந்தியர் என்பது மட்டும் போதாது. தளம் மூடப்படும்போது நம் தொடர்புகளை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக முடிகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மாஸ்டடான் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொல்கிறது. யூஜின் ரோச்கோ என்ற ஜெர்மன் இளைஞர் 2016-ல் தொடங்கியது. அதில் ஒற்றை மையம் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வர் வைத்து நடத்தலாம். ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் வேறு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் சொல்லலாம். இதற்கான பொது விதி ஆக்டிவிட்டிபப் என்ற பெயரில் 2018 ஜனவரியில் உலக வலைச் சேர்த்தியத்தின் ஒப்புதலைப் பெற்றது. வேலம்பாளையத்துக்காரருக்கு இதைப் புரியவைக்க நேரம் ஆகாது: நிட்டிங் அவருடையது, சாயம் இவருடையது, சலான் எல்லோருக்கும் பொது. சர்வர் நடத்துபவர் அடாவடி செய்தால் வேறு சர்வருக்கு மாறலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். ஆனால் எழுதிய பழைய பதிவுகள் வராது. அது பெரிய குறை. எந்தச் சர்வரில் சேருவது என்ற முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நடத்துபவர் களைத்துப்போய் சர்வரை மூடினால் கணக்கும் போகும். தமிழில் தேடினால் ஆட்கள் குறைவு. இதையெல்லாம் மறைத்து, பரவலாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

ஏனென்றால் பரவலாக்கத்தின் இன்னொரு முகத்தை இந்தியாவில் எந்த ஊரையும்விட நாம் நன்றாகப் பார்த்திருக்கிறோம். 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு பெரிய கம்பெனிகள் ஒரே கூரைக்குக் கீழ் ஆட்களை வைத்துக்கொள்வதைக் குறைத்து, வேலையைச் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குப் பிரித்துவிடும் போக்கு வேகம் பிடித்தது. ஷரத் சாரி போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதில் பலர் தொழிலாளியாக இருந்து முதலாளியானார்கள். அது உண்மை, பெருமையும்கூட. ஆனால் பி.எஃப். யார் கட்டுவது, விரலில் ஊசி ஏறினால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு ஆள் இல்லாமல் போனதும் அதே பிரித்தலால்தான்.

நொய்யல் ஆற்றின் கதை இன்னும் கசப்பானது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள், ஒவ்வொன்றும் தனித்தனி முதலாளியுடையது, ஒவ்வொருவரும் "என் தண்ணி கொஞ்சந்தானுங்க" என்றார்கள். கீழே ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவில் நிரம்பியது. விவசாயிகள் அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லி நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. ஊர் ஸ்தம்பித்தது. துணி ஈரோட்டுக்கும் லூதியானாவுக்கும் சாயத்துக்குப் போனது. மீண்டும் ஊரை எழுப்பியவை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். பட்டறைகள் தனித்தனியாகவே இருந்தன. ஆனால் கழிவுக்கு எல்லோரும் சேர்ந்து கட்டிய நிலையம், எல்லோருக்கும் ஒரே விதி, மீறினால் பூட்டு. உப்பைப் பிரித்து, தண்ணீரை மறுபடி பயன்படுத்தும் வித்தையில் இன்று பிற ஊர்களிலிருந்து இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பேச்சு வலைப்பின்னலுக்கும் நான் கேட்பது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். உரிமை பலரிடம் இருக்க வேண்டும். விதி பொதுவாக இருக்க வேண்டும். வதந்தி என்ற கழிவை அவரவர் சர்வர் வாசலிலேயே தடுக்கும் பொறுப்பும், அதைச் செய்யாத சர்வரோடு மற்றவர்கள் தொடர்பை அறுக்கும் வசதியும் இருக்க வேண்டும். மாஸ்டடானில் இந்த வசதி முதலிலிருந்தே உண்டு. 2023 மார்ச்சில், திருப்பூர்க்காரர் நடத்தும் சர்வர் ஒன்று இருந்திருந்தால் அந்த வீடியோக்கள் பரவியே இருக்காது என்று சொல்ல மாட்டேன். "நம்ம ஊர்ல இப்படி நடக்கல" என்று இரண்டு மொழியில் முதல் மணி நேரத்தில் எழுதி, பொய்யை நீக்கும் அதிகாரமுள்ள ஒருவர் இருந்திருப்பார்.

இது கைக்கெட்டாத கனவு என்று சொல்பவர்கள் தங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனை எடுத்துப் பார்க்கட்டும். ஏர்டெல் எண்ணிலிருந்து பிஎஸ்என்எல் எண்ணுக்கு அழைக்கிறோம்; இருவரும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த வசதியால் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்ற முடிகிறது. 2016-ல் தொடங்கிய யுபிஐ-யில் ஒருவரின் போன்பேவிலிருந்து இன்னொருவரின் ஜிபேவுக்குப் பணம் போகிறது. அதிலும் இரண்டு கம்பெனிகளே பெரும்பங்கை வைத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் நாளைக்கே வேறு செயலிக்கு மாறினால் யாரும் நமக்குப் பணம் அனுப்ப முடியாமல் போவதில்லை. அரட்டையையும் இப்படிப் பிற செயலிகளோடு பேசும் பொது விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஸ்ரீதர் வேம்புவே யுபிஐ-யை உதாரணம் காட்டிச் சொன்னார். அதைச் செய்து காட்டினால் அந்தச் செயலிக்கு நான் தயங்காமல் ஆதரவு தெரிவிப்பேன்.

செய்தி அனுப்பும் செயலிகளும் ஒரு காலத்தில் திறந்துதான் இருந்தன. வாட்ஸ்அப் ஆரம்பத்தில் எழுந்ததே எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறைக்காக எழுதப்பட்ட மென்பொருளின் மேல். கூகுள் டாக் அதே நெறிமுறையில் பிறரோடு பேசியது. 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்த வழி அடைக்கப்பட்டது. தொழில்நுட்பம் இடம் கொடுக்காததால் நாம் அடைபட்டிருக்கவில்லை. சில கம்பெனிகள் எடுத்த முடிவு அது. சட்டத்தால் மாற்றக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் மாற்ற ஆரம்பித்துவிட்டது. 2025 நவம்பரில் அங்கே பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சின்னச் செயலிகளோடு செய்தி பரிமாற வாட்ஸ்அப் ஒப்புக்கொண்டது. பார்சிலோனாவில் இருக்கும் பையருக்குக் கிடைத்த அந்த உரிமை, அவருக்குத் துணி தைக்கும் வேலம்பாளையத்துக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2019-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், நம் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து பெற்று இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் உரிமை தனிப் பிரிவாக இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. 2025 நவம்பரில் வெளியான விதிகளிலும் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், வாட்ஸ்அப்பின் அந்த 2021 நிபந்தனைக்காக அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்து, விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஐந்து வருடத் தடையும் போட்டது. ஒரு வருடம் கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு தடையை நீக்கியது. பெரிய தளங்களுக்குக் கடிவாளம் போடும் டிஜிட்டல் போட்டி மசோதா 2024 மார்ச்சில் வெளியான வரைவாகவே நின்றுவிட்டது.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனி, நெதர்லாந்து அரசுகள் தங்கள் துறைகளுக்கென்று சொந்த மாஸ்டடான் சர்வர் நடத்துகின்றன. தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கம், ஏற்றுமதியாளர் சங்கம், பவர்டேபிள் உரிமையாளர் சங்கம், தொழிற்சங்கங்கள் இவற்றில் ஒன்று முன்வந்தாலும் போதும். ஒரு சர்வரும், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு இரண்டு ஆளும், தமிழ் தெரிந்த ஒருவர், இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவர். ஊதிய ஒப்பந்தம், கூலி உயர்வு, மின்தடை அறிவிப்பு, வதந்திக்கு மறுப்பு எல்லாம் யாருடைய குழுவிலும் சேராமலே யாரும் படிக்கும்படி அங்கே இருக்கட்டும். பிராவ் என்ற பெயரில், எக்ஸ்எம்பிபி-யில் இயங்கும் அரட்டைச் சேவையைக் கூட்டுறவாக நடத்த இந்தியக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் முயன்று வருகிறார்கள். கூட்டுறவு நூற்பாலைகளையும் பால் சங்கங்களையும் நடத்திப் பார்த்த கொங்கு நாட்டுக்கு இந்த யோசனை அந்நியமல்ல. மாநகராட்சியும், தண்ணீர் விடும் நாளைக் கவுன்சிலரின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும் ரகசியமாக வைத்திருக்காமல், தன் வலைத்தளத்தில் எல்லோருக்கும் போட வேண்டும். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

வாட்ஸ்அப் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ரேட்டையும் பாக்கியையும் ஒரு நோட்டிலோ மெயிலிலோ பதிந்து வையுங்கள். நம்பர் போனாலும் வரவு செலவுக் கணக்கு போகாது. சங்கக் கூட்டம் நடக்கும்போது சர்வர் விஷயத்தை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். திருப்பூர் எம்.பி. கே.சுப்பராயன் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். 2019 மசோதாவில் இடம்பெற்று, பிறகு காணாமல்போன அந்த உரிமையைத் திருத்தமாகத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அவருக்கும், கோவை, ஈரோடு எம்.பி.க்களுக்கும் எழுதுங்கள். கடிதம் தமிழிலேயே இருக்கலாம். உங்கள் கம்பெனியின் பெயரையும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.